பழைய சூட்கேசுக்குப் புது உட்புறம்: கழற்றுவது முதல் கரை வைப்பது வரை

வன்னி வீடுகளில் கிடக்கும் பழைய பெட்டிகளில் அனேகமானவை மூன்று வகைதான்: மட்டையின் மேல் றெக்சின் சுற்றிய சூட்கேஸ், தோல் சூட்கேஸ், தகர றங்குப் பெட்டி. மூன்றுக்கும் உட்புறம் மாற்றும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லிப் போகிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் துணி வாங்கி வந்த அன்றே பெட்டிக்குள் பசையைப் பூசி நேரே ஒட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படி ஒட்டிய துணி மூலைகளில் சுருங்கி நிற்கும். பசை ஊறி முன்பக்கம் கறையாகத் தெரியும். பிறகு பழுதானால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். இங்கே சொல்லும் முறையில் துணியைப் பெட்டியில் நேரே விரித்து ஒட்டுவதில்லை. மட்டையை வெட்டி, அதன் மேல் துணியைப் போர்த்தி, அந்த மட்டைகளைப் பெட்டிக்குள் பொருத்துகிறோம். நேரம் கூடப் பிடிக்கும், ஆனால் ஒரு பக்கம் பிழைத்தால் அந்தப் பக்கத்தை மட்டும் கழற்றித் திருத்தலாம்.

1. காலம் பார்த்துத் தொடங்குங்கள்

மாரி மழை நாட்களில் இந்த வேலை வேண்டாம். ஐப்பசி பிற்பகுதியிலிருந்து தை வரை காற்றிலேயே ஈரம் இருக்கும். பசை மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் மட்டைக்குள் ஈரம் நிற்கும், இரண்டு கிழமைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். மாசி, பங்குனி, சித்திரை நல்ல மாதங்கள்.

சோளகம் அடிக்கும் மாதங்களில் வேறொரு தொல்லை. காற்றோடு வரும் செம்மண் தூசி ஈரப் பசையில் வந்து படியும், வெளிர் நிறத் துணி என்றால் பிறகு துடைத்தும் போகாது. அந்த நாட்களில் பசை வேலையை விடியப்புறம் காற்று எழும்ப முன் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவது, தைப்பது எல்லாம் எந்த நேரமும் செய்யலாம்.

2. கிழிக்க முன் தடவிப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. எங்கள் பக்கத்துப் பெட்டிகளுக்கோ இதுதான் முக்கியம்.

இடப்பெயர்வுகளில் கையோடு கொண்டு திரிந்த பெட்டிகள் இவை. சில பெட்டிகள் கிடங்கு வெட்டிப் புதைத்து, திரும்பி வந்து தோண்டி எடுத்தவை. காணி உறுதி, பேர்மிற், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம், படங்கள் என்று எதையும் ஆக்கள் உட்துணிக்குள் வைத்துத் தைத்திருப்பார்கள். வைத்தவர் இன்று இல்லாமலும் இருக்கலாம்.

பெட்டியை வெளிச்சத்தில் திறந்து வைத்து, விரல் நுனியால் மூடியின் உட்பக்கத்தை மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். வெறும் துணி சத்தம் போடாது. கடதாசி இருந்தால் சரசரக்கும். அடுத்து தையலைப் பாருங்கள். பெட்டி செய்தவரின் மெசின் தையல் ஒரே இடைவெளியில் போகும். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு நூலின் நிறம் மாறி, கைத்தையலாகக் கோணிப் போயிருந்தால் அந்த இடம் பிறகு பிரித்துத் தைத்தது. அதை மட்டும் பிளேட்டால் ஒவ்வொரு இழையாக அறுத்துத் திறவுங்கள்.

உள்ளே இருக்கும் கடதாசி துணியோடு ஒட்டிப்போயிருந்தால் தண்ணீர் வைத்து உரிக்க வேண்டாம். மையும் முத்திரையும் கரைந்துவிடும். சுற்றியுள்ள துணியோடு சேர்த்து வெட்டி எடுத்து, இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவில் வைத்துவிடுங்கள்.

மூடியின் உள்ளே பெயரோ பழைய முகவரியோ எழுதியிருந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். முடிந்தால் அந்தத் துண்டையும் எடுத்து வையுங்கள், 10ஆம் படியில் பயன்படும்.

3. பழைய உட்துணியைக் கழற்றுதல்

கிழித்து எறியும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முழுதாகக் கழன்று வரும் பழைய துணியே உங்களுக்கு அளவுப் படிவம்.

கழன்று நிற்கும் ஒரு மூலையில் தொடங்கி, துணியைப் பெட்டியோடு ஒட்டினாற்போல் பின்னுக்கு மடித்து இழுங்கள். நிமிர்த்தி மேலே இழுத்தால் மட்டையின் மேற்படையும் சேர்ந்து வரும். பழைய பெட்டிகளில் பெரும்பாலும் மாப்பசைதான். பிடிவாதமான இடத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் வைத்தால் இளகும். பிழிந்த துணி என்பதைக் கவனியுங்கள். மட்டைப் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றினால் படை படையாகப் பிரிந்துவிடும்.

இளகியதைப் பிளாஸ்டிக் அடிமட்டத்தால் வழித்து எடுங்கள், கத்தி வேண்டாம். நன்றாக ஒட்டியிருக்கும் கடதாசிப் படையை விட்டுவிடலாம். மேலே மட்டை வரப்போகிறது, அது யாருக்கும் தெரியாது.

4. பூஞ்சணம், மணம், துரு

இதை முடிக்காமல் ஐந்தாம் படிக்குப் போனால் கெட்ட மணத்தைப் புதுத் துணியால் மூடி வைத்ததாகத்தான் முடியும்.

பூஞ்சணத்தை முற்றத்தில் வைத்துத் தட்டுங்கள், வீட்டுக்குள் தட்டினால் அது அலுமாரிக்கும் பாய்க்கும் பரவும். மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். தோலிலும் றெக்சினிலும் நிறம் போகலாம் என்பதால் மறைவான இடத்தில் முதலில் தொட்டுப் பாருங்கள்.

காலை வெயிலில் திறந்து காய வையுங்கள். வெயில் ஏற முன் நிழலுக்கு எடுத்துவிட வேண்டும். உச்சி வெயிலில் தோல் வெடிக்கும், மட்டை வளையும், ஒருமுறை வளைந்த மூடி பிறகு பூட்டோடு பொருந்தாது. பெட்டியை வெறும் நிலத்தில் வைக்காமல் இரண்டு கல்லின் மேல் வையுங்கள். ஒரு இரவு நிலத்தில் கிடந்தால் கறையானுக்குப் போதும்.

மணம் இன்னும் நின்றால் ஒரு தட்டில் அப்பச்சோடாவோ சிரட்டைக் கரியோ போட்டு உள்ளே வைத்து, மூடி, ஐந்தாறு நாள் விடுங்கள். வாசனைத் திரவியம் தெளிப்பது வேலைக்காகாது, இரண்டு மணமும் கலந்து இன்னும் மோசமாகும்.

தகரப் பெட்டியிலும், புதைத்து எடுத்த பெட்டிகளின் தறையாணிகளிலும் துரு இருக்கும். கம்பி பிரஷ்ஷாலும் அரத்தாளாலும் தேய்த்து, தூசியைத் துடைத்து, துருத் தடுப்புப் பெயின்ற் ஒரு பூச்சு அடியுங்கள். கடையில் அன்ரிகொரோசிவ் என்று கேட்டால் தருவார்கள். துருவை அப்படியே விட்டால் அது ஈரத்தோடு சேர்ந்து துணிக்குள் ஊறி மண்நிறப் புள்ளியாக முன்பக்கம் வரும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.

பூட்டுத் துளைக்குள்ளும் ஒருமுறை பாருங்கள். குளவி மண் வைத்து அடைத்திருக்கும். ஈர்க்கால் கிண்டினால் வந்துவிடும். பூட்டு, பிணைச்சல், கைபிடி எல்லாவற்றையும் இப்போதே திருத்துங்கள். அவற்றின் ஆணிகள் உட்பக்கம்தான் முடிகின்றன, மட்டை வைத்த பிறகு கை போகாது.

5. சாமான்கள்

மட்டை: அச்சகங்களில் புத்தகம் கட்டும் மட்டை கிடைக்கும். 1.5 மில்லிமீற்றர் தடிப்பு போதும். பழைய நாட்காட்டி மட்டையும் நல்லது. ரீவீப் பெட்டி, பிஸ்கற் பெட்டி மட்டைகள் வேண்டாம். அவற்றின் நெளிவு துணிக்கு மேலால் வரி வரியாகத் தெரியும், அந்தக் குழாய்களுக்குள் கரப்பான் முட்டையும் வைக்கும். வட்ட மூலைப் பெட்டியின் பக்கச் சுவர்களுக்கு மட்டும் பிறிஸ்டல் போட் இரண்டை ஒட்டிப் பாவியுங்கள், அது வளையும்.

துணி: நெருக்கமாக நெய்த பருத்தி. 24 அங்குலச் சூட்கேசுக்கு, பொக்கற்றும் சேர்த்து, 45 அங்குல அகலத் துணி 2 மீற்றர் தாராளம். பழைய நூற்சேலை இருந்தால் அதைவிட நல்லது, சுருங்குவதெல்லாம் சுருங்கி முடிந்திருக்கும். புதுத் துணி என்றால் நனைத்துக் காயவிட்டு அயன் பண்ணுங்கள். இல்லாவிட்டால் பசையின் ஈரத்திலேயே சுருங்கி மட்டையை வில்லாக வளைக்கும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தும் பாருங்கள், சாயம் ஒட்டினால் நாளைக்கு வேட்டியிலும் ஒட்டும். சற்றின் பளபளப்பாக இருக்கும் என்று பலர் ஆசைப்படுவார்கள். முதல் பெட்டிக்கு வேண்டாம். வழுக்கும், பசைக் கறை பளிச்சென்று தெரியும்.

பசை: துணியை மட்டையில் ஒட்ட, மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைக் கம். கடதாசி ஒட்டுவதென்றால் மாப்பசை. ஒரு பங்கு கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து பங்கு தண்ணீராக்கி, மெல்லிய நெருப்பில் கண்ணாடி மாதிரி வரும்வரை கிண்டி, ஆறவிட்டு வடியுங்கள். சவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். மறுநாளே புளிக்கும், அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள்.

பூச்சிக்காகப் பசையில் துருசு கலக்கும் பழைய வழக்கம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். அது நஞ்சு. இரும்பையும் தகரத்தையும் அரிக்கவும் செய்யும்.

இவற்றோடு கட்டர், இரும்பு அடிமட்டம், 2 அங்குல பிரஷ், உடுப்புக் கிளிப்புகள், பழைய பத்திரிகைத் தாள், பாரம் வைக்க ஒரு பலகைத் துண்டு.

6. அளவெடுத்தல்

பழைய பெட்டி எதுவும் நேர்சதுரமாக இராது. முன்பக்கத்தை அளந்து அதே அளவில் பின்பக்கத்துக்கும் வெட்டினால் ஒன்று சிக்கும், மற்றது ஆடும். ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகப் பத்திரிகைத் தாளில் படிவம் எடுங்கள். தாளை உள்ளே வைத்து விரல் நகத்தால் மூலையோரம் அழுத்தி மடிப்பு விழுத்தி, அந்த மடிப்பில் வெட்டுங்கள். ஒவ்வொரு படிவத்திலும் எந்தப் பக்கம், எது மேல் என்று எழுதி அம்புக்குறி போடுங்கள். எழுதாவிட்டால் எட்டு ஒரே மாதிரித் துண்டுகளை வைத்துக்கொண்டு அரை நாள் விழிக்க வேண்டிவரும்.

இனிக் குறைப்பு. படிவத்தின் நான்கு ஓரத்திலும் 2 மில்லிமீற்றர் குறைத்து மட்டையில் வரையுங்கள். துணி மட்டையைச் சுற்றி மடியும்போது அந்த இடம் நிரம்பிவிடும். தடித்த துணி என்றால் 3 மில்லிமீற்றர்.

பக்கச் சுவர்களின் உயரத்தில் இன்னொரு குறைப்பு இருக்கிறது. மேல் விளிம்பிலிருந்து 4 மில்லிமீற்றர் கீழே நிறுத்துங்கள். மூடியும் பெட்டியும் ஒன்றோடொன்று பொருந்தும் உதடு அங்கேதான் இருக்கிறது. விளிம்பு வரை மட்டை ஏற்றினால் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் பூட்டு விழவில்லை என்று தெரியவரும்.

7. மட்டை வெட்டுதல்

மட்டைக்கு நார் ஓட்டம் உண்டு. இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் இலகுவாக வளையும். வட்ட மூலையைச் சுற்றி வரும் சுவர்த் துண்டில், அந்த இலகுவான வளைவு மூலையோடு சேர்ந்து வர வேண்டும். மாறி வெட்டினால் மூலையில் முறியும்.

ஒரே அழுத்தில் வெட்டி முடிக்கப் பார்க்காதீர்கள். அடிமட்டத்தை வைத்து மெதுவாக நான்கைந்து கோடு இழுத்தால் விளிம்பு நேராக வரும்.

வெட்டிய மட்டைகளைத் துணியில்லாமல் ஒருமுறை பெட்டிக்குள் வைத்து, மூடிப் பூட்டிப் பாருங்கள். தறையாணித் தலை முட்டும் இடத்தில் மட்டையில் சிறு வட்டம் வெட்டி எடுங்கள். எல்லா மட்டையும் கொஞ்சம் தளர்வாக இருந்தால் சரி.

8. பொக்கற்றும் நாடாவும் முதலில்

மூடிக்குள் சுருக்கு வைத்த பொக்கற் வேண்டுமென்றால் அதை மட்டையில் துணி ஒட்ட முன் தைக்க வேண்டும், பிறகு ஊசி இறங்காது.

பொக்கற் துணியின் அகலம் மட்டையின் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு. மேல் ஓரத்தை மடித்துத் தைத்து இலாஸ்டிக்கைக் கோர்த்து, மட்டையின் அகலத்துக்கு இழுத்து நிறுத்துங்கள். கீழ் ஓரத்தில் சிறு கொசுவங்கள் வைத்து, மூடியின் துணியோடு சேர்த்துத் தையுங்கள். இரு பக்க ஓரங்களையும் தைக்கத் தேவையில்லை. மட்டைக்குப் பின்னால் மடிந்து பசையில் நின்றுவிடும்.

உடுப்பை இறுக்கும் நாடாக்களுக்கு அடி மட்டையில் சிறு வெட்டு வைத்து, நாடாவின் நுனியை உள்ளே விட்டுப் பின்பக்கம் ஒரு அங்குலம் ஒட்டுங்கள். வெறும் துணியில் தைத்த நாடா முதல் இழுவையிலேயே துணியையும் கிழித்துக்கொண்டு வரும்.

9. துணியை மட்டையில் ஒட்டுதல்

பழக வருகிற பிள்ளைகள் இந்த இடத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அக்கா, துணிக்குப் பூசிறதோ, மட்டைக்குப் பூசிறதோ?" மட்டைக்குத் தான் தம்பி. துணிக்குப் பூசினால் அது நனைந்து இழுபட்டு, பூ வரிசை கோணும், பசையும் முன்பக்கம் ஊறிவிடும்.

துணியை மட்டையைவிட நாலு பக்கமும் 2 சென்ரிமீற்றர் கூட விட்டு வெட்டி, நல்ல பக்கம் கீழே இருக்க விரியுங்கள். மட்டையில் கம்மை மிக மெல்லிதாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துப் பூசுங்கள். பிரஷ் போன தடம் தெரியலாம், வெள்ளையாகத் தேங்கி நிற்கக் கூடாது. ஒரு நிமிடம் விட்டுப் பளபளப்பு அடங்கியதும் மட்டையைத் துணியின் மேல் கவிழ்த்து, புரட்டி, உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தடவுங்கள்.

மூலைகளில்தான் வேலை அழகாகவோ அலங்கோலமாகவோ முடிகிறது. துணியின் மூலையைச் சரிவாக வெட்டுங்கள், ஆனால் மட்டையின் முனையோடு ஒட்ட வெட்டாமல் மட்டையின் தடிப்பைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் முனையில் மட்டை எட்டிப் பார்க்கும். கூட விட்டால் மொத்தையாக நிற்கும். முதலில் நீளப் பக்கங்களை மடித்து ஒட்டி, முனையில் மிஞ்சும் சிறு துணியை நகத்தால் உள்ளே தள்ளிவிட்டு, அதன் பிறகு அகலப் பக்கங்களை மடியுங்கள்.

துணி ஒரு பக்கம் இழுப்பதால் மட்டை வளையப் பார்க்கும். பின்பக்கம் ஒரு பிரவுண் பேப்பர் ஒட்டினால் இரு பக்க இழுவையும் சமனாகும். பிறகு வெள்ளைத்தாளுக்கு நடுவில் வைத்து, பலகை போட்டு, அதன் மேல் அரிசி மூட்டையையோ கல்லையோ வைத்து ஒரு இரவு விடுங்கள். பத்திரிகைத் தாள் வைக்க வேண்டாம், அச்சு மை துணியில் பதியும்.

சுவர்களுக்கான துண்டுகளில் மட்டும் கீழ்ப்பக்கத் துணியைப் பின்னால் மடிக்காமல் அப்படியே தொங்க விடுங்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

10. பொருத்தும் ஒழுங்கு

சுவர்கள் முதலில், அடி மட்டை கடைசியில். சுவரிலிருந்து தொங்கும் துணியை அடியில் மடித்து ஒட்டி, அதன் மேல் அடி மட்டையை இறக்கினால் மூலை இடைவெளி, பிசிறு, பசை எல்லாம் அதற்குக் கீழே மறைந்துவிடும். அடியை முதலில் வைப்பவர்களுக்குச் சுற்றிவர ஒரு இடைவெளி தெரியும், பிறகு அதை மறைக்க லேஸ் தேடி அலைவார்கள்.

சுவர்களில் பின்பக்கம், அதாவது பிணைச்சல் பக்கம், முதலில். ஒரே நீளத் துண்டாகச் சுற்றினால் மூட்டும் அந்தப் பக்கமே வரட்டும், கண் குறைவாகப் போகும் இடம் அது. மட்டைகளுக்குப் பின்னால் முழுக்கப் பசை பூசத் தேவையில்லை, மேல் ஓரத்திலும் மூலைகளிலும் புள்ளி புள்ளியாக வைத்தால் போதும். அடி மட்டைக்குப் பசையே வேண்டாம், இறுக்கத்தில் நிற்கும். தகரத்தில் வெள்ளைக் கம் பிடிக்காது, செருப்பு ஒட்டும் கம்மைச் சிறு புள்ளிகளாக வையுங்கள். கிளிப் போட்டு மேல் ஓரம் காயும்வரை பிடித்து வையுங்கள்.

பிணைச்சலை மறைக்கும் துணிப்பட்டை ஒட்டுவதென்றால் மூடியை முழுதாகத் திறந்து வைத்து ஒட்டுங்கள். மூடி வைத்து அளந்தால் திறக்கும்போது பட்டை எட்டாது, கிழியும்.

எடுத்து வைத்த பழைய பெயர்த் துண்டை மூடியின் நடுவில், ஓரம் மடித்துக் கைத்தையலால் வைத்துவிடலாம். ஒட்டாதீர்கள், துணி பழசு, பசை அதை நொறுக்கிவிடும்.

11. அலங்காரம்

குறைவாகச் செய்தால் நன்றாக இருக்கும். மூடிக்கு ஒரு பூத்துணி, மற்ற எல்லாவற்றுக்கும் அதிலுள்ள ஒரு நிறத்தில் வெறுந்துணி. நான் இதற்கு மேல் போவதில்லை. சேலைக் கரையை இரண்டு விரல் அகலத்தில் வெட்டி, சுவர்களின் மேல் ஓரத்தைச் சுற்றி ஒட்டினால் சிறு பிழைகள் எல்லாம் மறையும். மூட்டு வரும் இடத்தில் கரையின் பூ பொருந்துகிறதா என்று ஒட்ட முன் பிடித்துப் பாருங்கள்.

படங்கள் வைப்பதென்றால் அசலை ஒட்ட வேண்டாம். பிரதி எடுங்கள், அதையும் லேசர் பிரதியாக எடுங்கள். மை தெளிக்கும் வகைப் பிரின்ரர் பிரதி பசை ஈரத்தில் கரைந்து ஓடும். மாப்பசை பூசிய தாளை இரண்டு மூன்று நிமிடம் ஊற விட்டு ஒட்டுங்கள். தாள் ஈரத்தில் விரியும், விரிந்து முடிய முன் ஒட்டினால் பெட்டிக்குள் விரிந்து கொப்பளிக்கும்.

12. காய்தலும் பூச்சியும்

வேலை முடிந்த பெட்டியை மூன்று நாளாவது பாதி திறந்தபடி நிழலில் விடுங்கள். உடனே உடுப்பு அடுக்கினால் மீதி ஈரம் உடுப்புக்கு ஏறும்.

பூச்சிக்கு வேப்பிலை போடலாம், கையில் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்த பிறகு, ஒரு துணிப் பொட்டலத்தில். பச்சையாகப் போட்டால் அதுவே பூஞ்சணத்தைக் கொண்டு வரும். மாதமொருமுறை மாற்றுங்கள். நப்தலீன் உருண்டை போடுபவர்கள் கடதாசியில் சுற்றிப் பொக்கற்றுக்குள் வையுங்கள், பிளாஸ்டிக் பொத்தான் மேல் நேரே பட்டால் இளக்கிவிடும். குழந்தை உடுப்பு வைக்கும் பெட்டிக்கு நப்தலீன் வேண்டவே வேண்டாம். பிறவியிலேயே ஒரு நொதியக் குறைபாடு உள்ள பச்சைக் குழந்தைகளுக்கு அந்த ஆவி பட்டால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடையும்.